மைக் செட் அண்ணன் கொடுத்த கிராஸ்ஓவர்: நான்கு வருடப் பழக்கம்

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் மாடி அறை ஒன்றில் சின்ன அளவில் ரெக்கார்டிங் வேலை பார்க்கிறேன். திருவிழாக்களுக்கு மைக் செட் போடும் அண்ணன் ஒருவர் டிஜிட்டலுக்கு மாறியபோது, தன் பழைய அனலாக் கிராஸ்ஓவரை எனக்குத் தள்ளிவிட்டார். "பாக்ஸுக்கும் ஹாரனுக்கும் சத்தத்தைப் பிரிச்சு அனுப்புற பெட்டி தம்பி, உனக்கு எதுக்கு?" என்று கேட்டார். தவிலுக்கு என்றேன். சிரித்தார்.

சிரிக்க ஒன்றுமில்லை. தவிலுக்கு ஒரே மைக் வைத்து, சத்தம் ஏறும்போது தானாக அமுக்கும் கம்ப்ரஸர் போட்டால், குச்சியால் அடிக்கும் கனத்த பக்கமான தொப்பியில் அடி விழும்போதெல்லாம் மொத்த ஒலியும் அமுங்கும். கூடு மாட்டிய விரல்கள் மறுபக்கமான வலந்தலையில் பேசும் சொற்கள் அதில் காணாமல் போகும். ஒலியைக் கீழ், நடு, மேல் என அதிர்வெண்படி மூன்று பேண்டாகப் பிரித்து, கீழ் பேண்டை மட்டும் அமுக்கினால் இந்தத் தொல்லை இல்லை. கீழே 180 ஹெர்ட்ஸ், மேலே 2.5 கிலோஹெர்ட்ஸ். எனக்குச் சரிப்பட்ட வெட்டு இது.

குமிழில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள். 180 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை உள்ளே அனுப்பி, கீழ் பேண்டும் நடு பேண்டும் மீட்டரில் ஒரே அளவு காட்டும்வரை திருப்புங்கள். இது லிங்க்விட்ஸ்-ரைலி வகை ஃபில்டர். ஹியூலெட்-பேக்கர்டில் பொறியாளராக இருந்த சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் 1976இல் கட்டுரையாக வெளியிட்ட முறை. வெட்டும் இடத்தில் இரண்டு பேண்டும் தலா 6 டெசிபல் இறங்கியிருக்கும். கூட்டினால் மேடு பள்ளம் இல்லாமல் வரும். சரிவு ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், 24 டெசிபல் என்பதால், நடு பேண்டில் 90 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய இருக்காது.

நான் ஏமாந்தது வேறு இடத்தில். பிரித்துச் சேர்த்த ஒலியோடு பிரிக்காத அசலையும் பாதிக்குப் பாதி கலந்துகொண்டிருந்தேன். தவில் வயிறு காலியானதுபோல் கேட்டது. மைக்கைச் சந்தேகப்பட்டேன், அறையைச் சந்தேகப்பட்டேன், மழைக்காலத் தோலைக்கூடக் குறை சொன்னேன். கம்ப்யூட்டருக்குப் போய்வரும் தாமதத்தைச் சாம்பிள் கணக்கில் நேராக்கியும் தீரவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது. பேண்டுகளைக் கூட்டினால் அளவு சமமாக வரும், ஆனால் ஃபேஸ், அதாவது அலை ஏறி இறங்கும் நிலை, அப்படியே இருக்காது. வெட்டும் இடத்தில் அது அசலுக்கு ஏறக்குறைய நேர் எதிராகத் திரும்பியிருக்கும். இரண்டையும் சம அளவில் கலந்தால் 180 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய குழி. தவிலின் உயிரே அங்கேதானே! இப்போது அசலைத் தொடுவதில்லை.

கடல் காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜாக்குகளில் களிம்பு ஏறுகிறது, குமிழைத் திருப்பினால் கரகர. சில மாதங்களுக்கு ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடித்து, மற்ற நேரம் பழைய துண்டைப் போர்த்தி வைக்கிறேன். அப்புறம், கீழ் பேண்டை மட்டும் தனியாகக் கேட்டால் தரைத்தள வீட்டு வாஷிங் மெஷின் தெளிவாகக் கேட்கும். அவர்கள் எப்போது துணி துவைக்கிறார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

இந்த வேலையை கம்ப்யூட்டரில் ஓடும் பிளக்இன் செய்யாதா? செய்யும், ஃபேஸ் திரும்பாமலும் செய்யும். வாசிப்பவர் எதிரில் இருக்கும்போது தாமதமில்லாமல் கையால் திருப்பிக் கேட்பதற்காகத்தான் இதை வைத்திருக்கிறேன். ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் இன்டர்ஃபேஸில் மூன்று உள்ளீடு மிச்சம் இல்லாதவர்கள் வாங்கவேண்டாம்.

மூன்றாகப் பிரித்தால் இது மோனோ மட்டுமே. ஸ்டீரியோவுக்கு இன்னொன்று வேண்டும். கடலூர் முதுநகரில் ஒரு மைக் செட் கடையில் இதே பெட்டி தூசி படிந்து கிடக்கிறதாம், அண்ணன்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன், டோன் அனுப்பிப் பார்க்க லேப்டாப்போடு.