அம்மாவுக்குக் கேட்கிற ஃபோன்: சுங்கை சிப்புட்டில் ஒரு வாரம்

ஆஸ்திரேலியாவில் நான் இருக்கும் பெர்த்துக்கும் அம்மா இருக்கும் மலேசியாவுக்கும் நேர வித்தியாசமே கிடையாது. இங்கே இரவு எட்டு என்றால் அங்கேயும் எட்டு. 'இந்நேரம் அம்மா தூங்கியிருப்பார்' என்று சாக்குச் சொல்ல வழியில்லாததால் தினமும் கூப்பிடுவேன். கடந்த ஒரு வருடமாகப் பத்துத் தடவை அடித்தால் மூன்று தடவைதான் எடுப்பார். மற்ற நாளெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அடிக்க வேண்டும். அவர் வேலியோரம் நின்று குரல் கொடுப்பார். அம்மா ஈரக் கையோடு வந்து, "எப்பய்யா அடிச்ச? ஃபோன் அடிக்கவே இல்லையே" என்பார்.

அதனால் இந்த முறை அம்மாவின் ஊரான சுங்கை சிப்புட்டுக்குப் போனபோது வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளவில்லை. கேமரன் மலை இல்லை, பினாங்கு இல்லை. அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு ஃபோன், அவ்வளவுதான். ஈப்போ வரைக்கும் இடிஎஸ் மின்சார ரயில். சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தது, பெட்டிக்குள் குளிர்தான் தாங்கவில்லை. அங்கிருந்து தங்கை மகன் காரில் கூட்டிக்கொண்டு போனான்.

சத்தமான ஃபோன் வாங்குவதில் எனக்கு ஏற்கெனவே ஒரு தோல்வி உண்டு. போன தீபாவளிக்கு இணையக் கடை ஒன்றில் தேடி, 'மிக அதிக சத்தம்' என்று போட்டிருந்த ஒன்றை அம்மாவுக்கு அனுப்பி வைத்திருந்தேன். வீட்டுக்குப் போனதும் அதைத்தான் முதலில் சோதித்தேன். விளம்பரத்தில் பொய் இல்லை, என் காதே வலித்தது. ஆனால் அம்மா அதற்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து கச்சான் (நிலக்கடலை) உரித்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதற்கான விளக்கம் மறுநாள் ஈப்போவில் கிடைத்தது. காது சோதிக்கும் நிலையம் ஒன்றுக்கு அழைத்துப் போனோம். முதலில் அழுக்கை எடுத்தார்கள் (எடுத்ததை அம்மாவிடம் காட்டியிருக்க வேண்டாம்), அப்புறம் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்தார்கள். வரைபடத்தில் கோடு 1000 ஹெர்ட்ஸ் (எண் ஏற ஏற ஒலி கீச்சாகும்) வரைக்கும் ஓரளவு நேராகப் போய், 2000-ஐத் தாண்டியதும் மலைச்சரிவு மாதிரி இறங்கிவிட்டது. வயதானால் கீச்சு ஒலிகள்தான் முதலில் போகுமாம். அதோடு அம்மா தோட்டத்து ரப்பர் ஆலையில் உருளை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே பல வருடம் நின்றவர். இயந்திரச் சத்தத்தால் வரும் பாதிப்பு 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் பள்ளம் பறிக்கும் என்று காதைச் சோதித்த பெண் சொன்னார். கைத்தொலைபேசியின் குட்டி ஸ்பீக்கருக்கோ கீச்சுக் குரல்தான் எளிதாக வரும். அதாவது, நான் காசு கொடுத்து வாங்கிய சத்தமெல்லாம் அம்மாவின் காது மூடிவிட்ட இடத்தில் போய் முட்டிக்கொண்டிருந்தது.

காதுக்கருவி பற்றியும் பேசினார்கள். விலையைக் கேட்டதும் அம்மா எழுந்துவிட்டார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

சுங்கை சிப்புட் பட்டணத்தில் பெரிய சடக்கு (சாலை) ஓரமாக ஒரு ஃபோன் கடை. முதலாளி சீனர், வேலைக்கு நிற்பது நம் பெண். விசாரித்ததில் அவரும் மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவர், நான் படித்து நாற்பது வருடம் கழித்து. "பாட்டிக்கு எது கேக்குதுன்னு பாட்டியே சொல்லட்டும், அங்கிள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அங்கே வாங்கலாம் என்று தோன்றியது. பெர்த்தில் இப்படிச் சொல்கிற கடையை நான் பார்த்ததில்லை. கண்ணாடிப் பெட்டியைத் தொட்டாலே விலைப்பட்டியலை நீட்டுவார்கள்.

சோதனை நடந்தது கடைக்கு வெளியே, ஐந்தடி என்கிற நடைபாதையில். அம்மாவைச் சாலையைப் பார்த்து நிற்கவைத்தோம். செம்பனை லாரிகளும் மோட்டார்களும் போய்க்கொண்டிருந்தன. பின்னால் பத்தடி தள்ளி அந்தப் பெண் ஒவ்வொரு ஃபோனாக அடிக்கவிட்டார். கேட்டால் அம்மா கையைத் தூக்க வேண்டும். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார் அம்மா. பக்கத்துக் கோப்பிக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தவர்கள் ரொட்டி சானாயை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், அம்மா கை தூக்காதபோதெல்லாம், "ஆச்சி, அடிக்குது!" என்று கத்தி இரண்டு சோதனையைக் கெடுத்தார்.

இரண்டாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் விலை போட்ட ஒரு ஃபோனுக்குக் கை எழவில்லை. நூறு வெள்ளியைச் சற்றே தாண்டிய பட்டன் ஃபோன் ஒன்றுக்கு உடனே எழுந்தது. எனக்கு அங்கேயே வேலை முடிந்தது போல இருந்தது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இதில பேரப்பிள்ளைங்க மூஞ்சி தெரியுமா?" தெரியாது. வாட்ஸ்அப் வீடியோ இல்லாத ஃபோன் அவருக்கு ஃபோனே இல்லை.

கடைசியில் 799 வெள்ளிக்கு, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஸ்பீக்கர் வைத்த ஒரு ஃபோனை எடுத்தோம். இரண்டு பக்கமும் ஒலி வருவதால், எந்தப் பக்கம் துணி மூடினாலும் மறுபக்கம் கேட்கும். ஏபி செட்டா (வெளியிலிருந்து தனியாக இறக்கியது), மலேசியா செட்டா (உள்ளூர் உத்தரவாதம் உள்ளது) என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இருபது முப்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப்போய், கெட்டுப்போனால் அம்மா யாரிடம் போய் நிற்பார்? தடிமனான ரப்பர் உறை ஒன்றை முதலாளி இலவசமாக நீட்டினார். அந்தப் பெண்ணே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கர் ஓட்டையை மறைக்காத மெல்லிய உறை ஒன்றைத் தேடிப் போட்டார்.

ரிங்டோன் தேர்வுதான் பெரிய கூத்து. தாழ்ந்த ஒலிதானே வேண்டும், உறுமி மேளம் போடலாம் என்றான் தங்கை மகன். தைப்பூசத்தில் அவனே எடுத்த பதிவு கைவசம் இருந்தது. போட்டுப் பார்த்தால் வெறும் 'கரகர'. உறுமியின் அந்த ஆழமான இழுவையை நகத்தளவு ஸ்பீக்கரால் தள்ள முடியாது, விளிம்பு ஓசை மட்டும்தான் வெளியே வரும். ரொம்பக் கீழேயும் போகக் கூடாது, ரொம்ப மேலேயும் போகக் கூடாது. நடுவில் நிற்கிற ஒலி வேண்டும். அடுத்து நாதஸ்வரம். கை உடனே எழுந்தது, எல்லோரும் கைதட்டினோம். அன்று மாலை வீட்டில் அடித்துப் பார்த்தேன். அம்மா வாசலுக்குப் போய்ச் சாலையை எட்டிப் பார்த்தார். "யார் வீட்டு விசேஷம்?"

பிறகு பழைய டெலிஃபோன் மணி ஒன்றைப் பதிவிறக்கிப் போட்டோம். அந்தக் காலத்துக் கருப்பு ஃபோனில் இரண்டு கிண்ணங்களை ஒரு சுத்தி மாறி மாறி அடிக்கும். ஒரே சுருதியில் நிற்காமல் பல அளவில் ஒலி பரவுவதால், காதில் ஒரு பகுதி போனாலும் மிச்சப் பகுதி பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. "கிராணி ஆபீஸ் மணி" என்றார் உடனே. கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. தோட்டத்தில் அப்போது இருந்த ஒரே ஃபோன் அதுதானாம்.

மணி மாறியும் என் அழைப்பு மட்டும் பழைய கீச்சிலேயே வந்தது. வாட்ஸ்அப் அழைப்புக்குத் தனி ரிங்டோன், அதன் அமைப்புக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பேட்டரி மிச்சப்படுத்தும் வசதி வாட்ஸ்அப்பைத் தூங்கவைத்துவிடும் என்று சொல்லி அந்தப் பெண் அதையும் விலக்கினார். சத்தம் மெதுவாகத் தொடங்கி ஏறும் வசதியையும் நிறுத்தினார். ஏறி முடிவதற்குள் அழைப்பே போய்விடும். அழைப்பு வந்தால் பின்பக்க விளக்கு மின்னும்படி ஒன்றையும் போட்டுக் கொடுத்தார்.

இன்னும் ஒரு கோளாறு பாக்கி. அம்மா கொல்லையில் கீரை பறித்துக்கொண்டிருந்தால் உள்ளே வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் சாதாரண அழைப்பு குரல் அஞ்சலுக்குப் போய்விடுகிறது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், எண் எடுத்து, ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம். முகப்பில் இருந்தவர் திரையைப் பார்த்தபடியே, "அதெல்லாம் மாத்த முடியாது" என்றார். வேறு பிளானுக்கு மாறுகிறீர்களா என்று மட்டும் அக்கறையாக விசாரித்தார். வரும் வழியில் கடையில் நின்று புலம்பினேன். அந்தப் பெண் ஃபோனை வாங்கி ##61# என்று அடித்து அழைத்தார். எடுக்காத அழைப்பை வேறு இடத்துக்குத் திருப்புவதை ரத்து செய்யும் ஜிஎஸ்எம் (கைத்தொலைபேசி வலையமைப்பு) கட்டளை அது. திருப்பவே வேண்டும் என்றால் 5 வினாடியிலிருந்து 30 வினாடி வரை நேரம் வைக்கவும் இன்னொரு கட்டளை உண்டாம். வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மறுநாள் அம்மா பலகாரம் கொடுத்தனுப்பினார், அதை வாங்கிக்கொண்டார்.

நான் பெர்த்திலிருந்து கொண்டு வந்திருந்த என் பழைய ஃபோன் கடைசி வரை பையை விட்டு வெளியே வரவில்லை. மலேசியாவில் 2021 முடிவோடு 3ஜி போய்விட்டது. அந்த ஃபோனால் 4ஜியில் குரல் அழைப்பு எடுக்க முடியாது. பழையதை ஊருக்குத் தூக்கி வருகிறவர்கள் இதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

ஃபோனை எங்கே வைப்பது என்பதை மட்டும் அம்மாவே முடிவு செய்தார். இவ்வளவு நாளும் கைப்பைக்குள் ஜிப்பை இழுத்து வைத்திருந்தார். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானாலே 6 டெசிபல் குறையும், இதில் பையும் அலமாரியும் வேறு. இப்போது அடுப்படி ஜன்னல் திண்டில், காலி பிஸ்கட் டின்னின் மூடிமேல் வைத்திருக்கிறார். அதிர்வும் சேர்ந்துகொள்வதால் டின்னே அலறுகிறது. எண்ணூறு வெள்ளியில் ஆகாதது பழைய தகர மூடியில் ஆனது என்று அவருக்கு ஒரே பெருமை.

பெர்த் திரும்பிய மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்கு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். குரல் மட்டும் அம்மாவுடையது இல்லை.

"தம்பி, அம்மா கோயிலுக்குப் போயிருக்கு. ஃபோனை ஜன்னல்லயே வச்சிட்டுப் போயிடுச்சி. எங்க வீட்டுல டிவி கேக்க முடியல, அதான் கையை விட்டு எடுத்தேன்."