கோப்பைக் காப்பதா, பாகத்தைப் பின்தொடர்வதா: ஆவண மேலாண்மையும் பி.எல்.எம்.மும்

பம்பு ஒன்றின் ஷாஃப்ட்டில் 6205 பேரிங்கை எடுத்துவிட்டு 6206 பேரிங்கைப் பொருத்துவதென்று வடிவமைப்புப் பிரிவு முடிவெடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆவண மேலாண்மை மென்பொருளுக்கு இது ஒரு டிராயிங் ‘பி’ ரிவிஷனிலிருந்து ‘சி’ ரிவிஷனுக்குப் போகும் நிகழ்ச்சி. ஒருவர் கோப்பைத் திருத்த எடுக்கிறார், அது அவர் கையில் இருக்கும்வரை பிறர் அதில் கைவைக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததும் பழைய பதிப்பு காப்பகத்துக்குப் போகிறது. பி.எல்.எம். எனப்படும் தயாரிப்பு வாழ்க்கைச் சுழற்சி மேலாண்மை மென்பொருளுக்கோ இது ஷாஃப்ட் என்ற பாகத்துக்கு நேரும் மாற்றம். டிராயிங் அந்தப் பாகத்தோடு கட்டிய ஆவணங்களுள் ஒன்று மட்டுமே. பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ.இலிருந்து 30 ஆகும்போது வெளிவிட்டமும் 52இலிருந்து 62 ஆகிறது என்பதால், பேரிங் அமரும் கூடான ஹவுசிங்கையும் மாற்றியாக வேண்டும். அந்த ஹவுசிங்கைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற மாடல்கள் எவை என்ற கேள்விக்குக் கோப்புறைகள் பதில் சொல்லமாட்டா. பாகப் பட்டியலோடு பிணைந்த அமைப்புதான் சொல்லும்.

இதனால் ஆவண மேலாண்மையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தரக் கையேடு, செயல்முறைக் குறிப்புகள், அளவுக்கருவிச் சான்றிதழ்கள், ஒப்பந்தங்கள் போன்றவற்றுக்கு ஷேர்பாயின்ட், எம்-ஃபைல்ஸ் வகை மென்பொருள்களே பொருத்தம் என்பது என் கருத்து. அவற்றைப் பி.எல்.எம்.மில் திணித்தால், கணக்குப் பிரிவில் இருப்பவர்கூடப் பொறியாளருக்கென்று செய்த திரையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வாகன உதிரிபாகத் துறையின் ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிலை, வாடிக்கையாளர் அனுப்பும் பொறியியல் விவரக்குறிப்பு மாற்றங்களை 10 வேலை நாட்களுக்குள் பரிசீலிப்பதை எதிர்பார்க்கிறது. தேதியையும் ஒப்புதலையும் பதிந்து தணிக்கையாளரிடம் காட்ட, ஒழுங்காக அமைத்த ஆவண மேலாண்மையே போதும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பி.டி.எம். எனப்படும் தயாரிப்புத் தரவு மேலாண்மை மென்பொருள்களுக்கு, எடுத்துக்காட்டாக ஆட்டோடெஸ்க் வால்ட்டுக்கு, கணினியில் வரைந்த கேட் கோப்புகளின் உறவுமுறை தெரியும். பொதுவான கோப்புறையில் ஒரு பாகத்தின் கோப்புப் பெயரை மாற்றினால், அசெம்ப்ளியைத் திறக்கும்போது அந்தப் பாகம் காணாமல் போயிருக்கும். பி.டி.எம்.மில் அது நேராது.

ஆவணம் பத்திரமாக இருப்பதும் பாகம் கண்காணிப்பில் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு கார் ஓடும்போதே சாவி நழுவி எஞ்சின் நின்றுவிடும் கோளாறால் எழுந்த ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2006இல் அதன் பொறியாளர் ஒருவர் சுவிட்சின் உள்ளே இருந்த ஸ்பிரிங்கையும் அது தாங்கும் பிளஞ்சரையும் மாற்றிக்கொள்ள ஒப்புதல் அளித்தார். பாக எண் மட்டும் மாறவில்லை. கையொப்பமிட்ட படிவம் இருந்தது. ஆனால் பழைய சுவிட்சும் புதிய சுவிட்சும் ஒரே எண்ணில் உலவியதால், பிந்தைய ஆண்டுக் கார்களில் கோளாறு குறைந்தது ஏன் என்பது விசாரித்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பிடிபடவில்லை; வழக்கொன்றுக்காக வெளிப் பொறியாளர் ஒருவர் சுவிட்சுகளைப் பிரித்து ஒப்பிட்ட பிறகே வேறுபாடு வெளிப்பட்டது. 2014இல் கார்களைத் திரும்ப அழைத்தபோது, பழுதுபார்க்கையில் பழைய சுவிட்ச் பொருத்தப்பட்டிருக்கலாம் என்பதற்காகப் பிந்தைய மாடல்களையும் சேர்க்க நேர்ந்து, எண்ணிக்கை சுமார் 26 லட்சத்தை எட்டியது.

பி.எல்.எம். இருந்திருந்தால் இது தானாகத் தடுக்கப்பட்டிருக்கும் என்று விற்பனையாளர்கள் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் பொருத்த முடியாத அளவுக்கு வடிவமோ பொருத்தமோ செயல்பாடோ மாறினால் புதிய பாக எண் என்ற விதியை நிறுவனம் முதலில் வகுத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் விதியை மீறும் மாற்றத்தை மென்பொருளால் நிறுத்தி வைக்க முடியும்.

ஆகவே, பகிர்ந்த பாகங்கள் இல்லாத இரண்டு மூன்று மாடல்களை மட்டும் செய்யும் ஆலைக்கு ஆவண மேலாண்மையும் ஈ.ஆர்.பி. எனப்படும் நிறுவன வள மேலாண்மை மென்பொருளில் உள்ள பாகப் பட்டியலும் போதும். ஒரே ஹவுசிங் பத்து மாடல்களில் போகும் ஆலை டீம்சென்டர், வின்ட்சில் போன்ற பி.எல்.எம். மென்பொருள்களைப் பார்க்கலாம். தரக் கையேடுகளை அங்கே கொண்டுபோகாமல், பாகத்திலிருந்து இணைப்பு மட்டும் கொடுத்தால் போதும். விற்பனையாளர் செய்துகாட்ட வரும்போது அவருடைய மாதிரித் தரவை ஒதுக்கிவிட்டு, உங்கள் பாகப் பட்டியலையே ஏற்றச் சொல்லுங்கள். பிறகு ஒரு பேரிங்கை மாற்றச் சொல்லி, எந்தெந்த மாடல்களின் பெயர்கள் திரையில் வருகின்றன என்று பாருங்கள்.