எடை குறைப்பு ஆபரேஷனுக்கு "பேக்கேஜ்" பேசினால் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

வீட்டில் யாருக்காவது எடை குறைப்பு ஆபரேஷன் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தால், தனியாரா அரசா என்று குழப்பத்தில் இருந்தால், கொஞ்சம் பொறுமையாக இதைப் படித்துவிடுங்கள். என் தம்பிக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் கொடுத்திருக்கிறோம், அதனால் மருத்துவமனையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர்கள் ஆளைப் பிடித்த விதமும் பணத்தைக் கறந்த விதமும் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது, அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. உயரம் 172 செ.மீ., எடை 118 கிலோ. சர்க்கரை எல்லையில் நிற்கிறது. ராத்திரி குறட்டை விடும்போது நடுவில் மூச்சே நின்றுபோய் அப்புறம் திணறிக்கொண்டு வரும், அவன் மனைவி பயந்துபோய்த் தட்டி எழுப்புவாள். முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போனோம். டாக்டர் உயரம், எடை பார்த்து ஓபி சீட்டில் எழுதினார். தைராய்டு, எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன், ஒரு ராத்திரி தங்கித் தூக்கப் பரிசோதனை, மனநல மருத்துவரிடம் ஒரு முறை, உணவு ஆலோசகரிடம் சில மாதம் என்று நீளமாகப் பட்டியல் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் தேதி, அதுவும் தியேட்டர் காலி, ஸ்டேப்ளர் (இரைப்பையை வெட்டி மூடும் கருவி) இருப்பு எல்லாம் பார்த்துத்தான் என்று மறைக்காமல் சொன்னார்.

இந்தக் காத்திருப்பில்தான் விளம்பரக்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். ஃபோனில் வந்த விளம்பரத்தில் தம்பி நம்பரைப் போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து அழைப்பு. பேசியவர் "கவுன்சிலர்". டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, ஆள் சேர்ப்பதுதான் வேலை. "கவர்ன்மெண்ட்ல ஆறு மாசம் அலைய விடுவாங்க சார், அதுக்குள்ள சுகர் ஏறிடும், இங்க வாங்க, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்." எல்லாம் சேர்த்து 3,25,000 ரூபாய் பேக்கேஜ், இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகப் பணம் கட்டும்படி கேஷ்லெஸ் எடுத்துத் தருகிறோம், வாழ்நாள் முழுக்க இலவச ஃபாலோ-அப், இந்த மாதக் கடைசிக்குள் சேர்ந்தால் தள்ளுபடி வேறு. வயிற்றை வெட்டுகிற வேலைக்கு மாதக் கடைசித் தள்ளுபடி!

அவர்கள் சொன்னது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் மாதிரி ஸ்டேப்ளர் போட்டு மூடுவது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அப்படி ஒரு முடிவை ஒருவன் எடுப்பதற்குக் கொடுத்த நேரம் ஒரு வாரம்கூட இல்லை. எண்டோஸ்கோப்பி மட்டும் செய்தார்கள், தூக்கப் பரிசோதனை "தேவைப்படாது" என்றார்கள். மனநல மருத்துவர், உணவு ஆலோசகர் யாரும் பார்க்கவே இல்லை, ஒரு அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்கள்.

இப்போது இன்சூரன்ஸ் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். நம் நாட்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கும் பொது விதிப்படி, பாலிசியில் இந்த ஆபரேஷனுக்குப் பணம் வரவேண்டும் என்றால் 18 வயது ஆகியிருக்க வேண்டும், டாக்டர் பரிந்துரை வேண்டும், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 முதல் 40-க்குள் என்றால், மற்ற வழிகளில் எடை குறையாமல், கூடவே இதய நோய், கட்டுக்குள் வராத சர்க்கரை, தீவிரமான தூக்க மூச்சுத்தடை மாதிரி ஒன்று இருந்தாக வேண்டும். தம்பிக்கு வந்தது 39.9. ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனை செய்து அந்த மூச்சுத்தடையை முறைப்படி பதிந்திருந்தால் நேர்மையாகவே பணம் வந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைச் செய்யாமல், விண்ணப்பத்தில் உயரத்தை 170 செ.மீ. என்று எழுதிவிட்டார்கள். இரண்டு சென்டிமீட்டர் குறைத்தால் பிஎம்ஐ 40.8 ஆகிவிடும். இது எங்கள் யாருக்கும் தெரியாது. தம்பியிடம் வெற்றுப் படிவத்தில்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

முதல் ஒப்புதல் வந்தது, ஆபரேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் அன்றைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கடைசி ஒப்புதலை மறுத்துவிட்டது. நாங்கள் கொடுத்த பழைய ஓபி சீட்டும் அதே ஃபைலில் இருந்திருக்கிறது, அதில் 172 என்று இருக்கிறது. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டால் "உங்க பாலிசி பிரச்சனை" என்று ஒரே பதில். பில் 5,10,000 ரூபாய். கட்டினால்தான் அறையைக் காலி செய்யவிடுவோம் என்றார்கள். பேக்கேஜ் 3,25,000 தானே என்றதற்கு, அது ஆபரேஷனுக்கு மட்டும், கன்ஸ்யூமபிள்ஸ் (ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருட்கள்) தனி என்று ஒரு தாளைக் காட்டினார்கள், மொத்தமும் ஸ்டேப்ளருக்குள் போடும் பின் பெட்டியான கார்ட்ரிட்ஜ் கணக்கு. வயிற்றில் துளையோடு படுத்திருப்பவன் கையில் ஃபோனைக் கொடுத்து, ஓடிபி வாங்கி, ஒரு நிதி நிறுவனத்தில் இஎம்ஐ போட்டார்கள். இதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பணம் போனதுகூடப் பரவாயில்லை என்று நினைக்கும்படி அதற்கு அப்புறம் நடந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் போல ஆனபோது தம்பி, "அக்கா, இடது தோள்ல வலிக்குது, மூச்சு இழுத்தா குத்துது" என்றான். லேசான காய்ச்சல், தண்ணீர் குடித்தாலும் வாந்தி. மருத்துவமனைக்கு ஃபோன் செய்தால் எடுத்தது அதே கவுன்சிலர். "கேஸ் வலி சார், நல்லா நடங்க, போயிடும்." லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) செய்யும்போது வயிற்றுக்குள் ஏற்றும் வாயுவால் தோள்வலி வரும் என்பது உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் முதல் சில நாளில் அடங்கிவிடும். ஒரு வாரம் கழித்துப் புதிதாக வந்தால் அது வேறு. டாக்டரிடம் பேச வேண்டும் என்று கெஞ்சினோம். அப்போதுதான் தெரிந்தது, ஆபரேஷன் செய்தவர் அந்த மருத்துவமனை டாக்டரே கிடையாது, வேறு ஊரிலிருந்து வந்து செய்துவிட்டுப் போகிறவர். டியூட்டி டாக்டர் "சார் வந்ததும் சொல்றேன்" என்றார். ராத்திரி வரைக்கும் யாரும் கூப்பிடவில்லை.

காரில் போட்டுக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். அவசரப் பிரிவில் இருந்த, மேற்படிப்பு படிக்கும் பிஜி டாக்டர் சின்னப் பெண், 26, 27 வயது இருக்கும். ஃபைலைக்கூடப் பிரிக்கவில்லை, தம்பியின் மணிக்கட்டில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். "நாடி 130 ஓடுது. ஸ்லீவ் எப்ப பண்ணாங்க?" என்று கேட்டுக்கொண்டே சீனியரைக் கூப்பிட்டார். ஸ்டேப்ளர் போட்ட இடத்தில் கசிவு இருந்தால் காய்ச்சல், வலி எல்லாவற்றுக்கும் முன்னாலேயே நாடி வேகமாகிவிடும், 120-க்கு மேல் போய் இறங்காமல் நின்றால் கசிவு என்றே நினைத்துப் பார்க்க வேண்டும் என்று பின்னால் எனக்கு விளக்கினார்கள். மருந்து குடிக்கவைத்து சிடி ஸ்கேன் எடுத்தார்கள். உணவுக்குழாய் வந்து சேரும் மேல் முனையில் கசிவு, இடது பக்கம் சீழ் கட்டியிருந்தது. ஸ்லீவில் கசிவு வந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வருமாம்.

குழாய் போட்டுச் சீழை வடித்தார்கள். வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, மூக்கு வழியாகச் சிறுகுடலுக்குக் குழாய் விட்டு அதில் உணவு. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்கள், விடாமல் வாந்தி எடுத்தவர்களுக்கு அதைப் போடாமல் குளுக்கோஸ் கொடுத்தால் மூளையைப் பாதிக்கும் என்றார்கள். எண்டோஸ்கோப்பி வழியாக, கசிவை உள்ளிருந்து மறைக்கும் ஸ்டென்ட் குழாய் வைத்தார்கள். வாரக்கணக்கில் கிடந்தான். பிழைத்துக்கொண்டான். நாங்கள் செலவழித்தது வெளியே வாங்கச் சொன்ன சில மருந்துகளுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான்.

அரசு மருத்துவமனை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. வார்டில் கூட்டம், கூட இருப்பவர்களுக்குப் படுக்க இடமில்லை, கழிப்பறையைப் பற்றி எழுதவே வேண்டாம், ஸ்கேனுக்குத் தள்ளுவண்டி தள்ளக் காசு கேட்டார்கள். ஆபரேஷன் தேதி தள்ளிப்போவதும் உண்மை. எடை குறைப்பு ஆபரேஷன் எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் கிடையாது, பெரிய மருத்துவக் கல்லூரிகளில் இரைப்பை குடல் அறுவைசிகிச்சைத் துறை இருக்கும் இடங்களில்தான் விசாரிக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி, இந்த ஆபரேஷன் அதில் வருமா என்று அங்கேயே காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். தனியாரிலும் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், தெரிந்தவர் ஒருவர் தனியாரில் எடை குறைப்புக்கான இரைப்பை பைபாஸ் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார், அவருடைய டாக்டர் முதல் மாதம் தானே ஃபோன் செய்து விசாரித்தாராம்.

ஆனால் அரசு மருத்துவமனையில் எங்களுக்கு இழுத்தடிப்பாகத் தெரிந்த அந்தப் பட்டியல் இருக்கிறதே, அதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. தூக்க மூச்சுத்தடை இருப்பவருக்கு மயக்க மருந்து கொடுப்பதே தனிக் கவனம் வேண்டிய வேலை. உணவு ஆலோசகர் பேசுவது பிற்பாடு வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய முறைக்கு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் தொடர்ந்து எடுக்க வேண்டும், வருடா வருடம் ரத்தம் பார்க்க வேண்டும். தனியார் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் மல்டிவிட்டமின் ஒரு மாதம் என்று மட்டும் இருந்தது. அவசரப்படுத்துகிற இடத்தில் இதையெல்லாம் தவிர்த்துவிட்டுத்தான் அவசரப்படுத்த முடியும்.

அதனால் தனியாருக்குப் போவதென்றாலும், முதலில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டி அந்தப் பரிசோதனைப் பட்டியலை வாங்கிவிடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு தனியாரிடம் போய் இதில் எதை விட்டுவிடப் போகிறீர்கள், ஏன் என்று கேளுங்கள். ஆபரேஷன் செய்யும் டாக்டர் அதே ஊரில் இருப்பாரா, ராத்திரி இரண்டு மணிக்கு நாடி ஏறினால் யார் பார்ப்பார்கள், ஐசியூ, சிடி ஸ்கேன், எண்டோஸ்கோப்பி மூன்றும் அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இதே மாதிரி எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அவசரத்தைச் சமாளிக்கப் போதிய வசதி அங்கே இல்லை என்று விசாரணையில் சொல்லி, அரசு அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. செய்தியில் படித்துவிட்டுக் கடந்துபோனோம், நம் வீட்டு வாசலுக்கு வரும் என்று யார் நினைத்தார்கள்?

பேக்கேஜ் என்றால் எத்தனை கார்ட்ரிட்ஜ் அதில் அடக்கம், கசிவு வந்து மறுபடி சேர்ந்தால் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். இன்சூரன்ஸுக்கு அனுப்பும் தாளில் உங்கள் உயரத்தையும் எடையையும் நீங்களே படித்துப் பாருங்கள், ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ரெக்கார்டை எழுத்தில் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் இருக்கிறது. நாங்கள் அந்த விதியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போட்ட பிறகுதான் ஆபரேஷன் குறிப்பு வந்தது. அதில் பயன்படுத்திய கார்ட்ரிட்ஜ் 6. பில்லில் 9. ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கேஸ் ஷீட்டில் ஒட்ட வேண்டும் என்று அரசு டாக்டர்தான் சொல்லிக்கொடுத்தார். எங்கள் கேஸ் ஷீட்டில் 6 ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கிறது.

இப்போது மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் போயிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரச்சனை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. எங்களுக்கு அதைத் தாண்டிவிட்டது, கொஞ்சம் கட்ட வேண்டும். பில், ரசீது, கவுன்சிலர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், எங்கள் வக்கீல் முதலில் கேட்டது அவற்றைத்தான்.