அப்பாவையும் கேட்டுச் செய்யும் ஆய்வு: எட்டு மாத அனுபவம்

அப்பாவுக்கு 78 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, மூட்டுத் தேய்மானம். நான்கு மருத்துவர்கள், நான்கு மருந்துச்சீட்டுகள். நாள்பட்ட நோய்கள் பல உள்ள முதியோருக்கான கூட்டு ஆய்வுக் குழு ஒன்றில் எட்டு மாதமாக இருக்கிறோம்.

இங்கே அப்பா வெறும் தரவு இல்லை. எதை ஆராய வேண்டும் என்று முடிவு செய்யும் கூட்டத்திலேயே அவரை உட்கார வைத்தார்கள். "யார் துணையும் இல்லாம பாத்ரூம் போய் வரணும், அதுதான் எனக்கு முக்கியம். சர்க்கரை அளவெல்லாம் அப்புறம்" என்றார். அது ஆய்வின் பலனை அளக்கும் அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மருந்தாளுநர் எல்லா மாத்திரைகளையும் மேசையில் பரப்பிப் பார்த்தார். சில மூட்டுவலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதித்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நோய்க்கும் மருத்துவர்களுக்கெனத் தனித்தனி சிகிச்சை வழிகாட்டுதல் இருப்பதன் சிக்கல் இது. 2005-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, பல நோய்களுள்ள 79 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு, எல்லா வழிகாட்டுதல்களையும் பின்பற்றினால் அவருக்கு 12 மருந்துகள் தேவைப்படும் என்று காட்டியது. மருந்துப் பரிசோதனைகளிலோ இப்படிப்பட்டவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை.

குறை ஒன்று உண்டு. ஒப்புதல் படிவத்தின் எழுத்து மிகப் பொடி. அப்பாவுக்குப் படித்துக்காட்ட எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. பெரிய எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கான கேள்விகளை அப்பா இப்போதே எழுதி வைத்துவிட்டார்.