கிலோ கணக்கில் ‘பியூர் காட்டன்’ கட் பீஸ் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

துண்டுத் துணிகளை ஒட்டுச் சேர்த்துப் பேட்ச்வொர்க் தைக்கிறவர்களும் புதிதாகத் தொடங்க நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். இன்ஸ்டாகிராமில் "திருப்பூர் எக்ஸ்போர்ட் கட் பீஸ், 100 சதவீதம் பியூர் காட்டன், 5 கிலோ பண்டில்" என்று ரீல்ஸ் ஓடுகிறதே, அதில் ஒரு பக்கத்தில் 1,750 ரூபாய் கட்டி, கூரியர் செலவும் தனியாகக் கொடுத்து நான் வாங்கினேன். வந்தது, மெக்கானிக் பட்டறையில் கை துடைக்க மூட்டையாக வாங்கிப் போடுகிற வேஸ்ட் துணி.

தையல் எனக்குப் பிழைப்பு இல்லை. மதியம் அடுப்படி வேலை ஓய்ந்த பிறகு மிஷினில் உட்காருவேன், ராத்திரி டிவி ஓடும்போது குரோஷா ஊசியை எடுப்பேன். அக்கா மகளுக்கு வளைகாப்பு முடிந்திருந்தது. வரப்போகும் குழந்தைக்கு ஒரு பேட்ச்வொர்க் போர்வை தைத்து வைக்கலாம் என்று ஆசை. வீட்டில் இருக்கும் மிச்சத் துணி பத்தாது. நவராத்திரி தாம்பூலத்தில் சேர்ந்த ரவிக்கைத் துணிகள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன, ஆனால் அவற்றின் தரம் நமக்குத் தெரிந்ததுதானே. அதனால்தான் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ரீல்ஸில் காட்டியதோ சின்னப் பூப்போட்ட பாப்ளினும் கட்டம் போட்ட துணியும் வெளிர் மஞ்சளும். எல்லாம் நன்றாக இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தது.

எடையில் ஏமாற்றவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். 5 கிலோவுக்கு ஒரு கை கூடவே இருந்தது. மேலே ஒரு அடுக்கு, ரீல்ஸில் பார்த்த அதே பாப்ளின். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் பனியன் துணி, லைனிங் துணி, ஜார்ஜெட் வெட்டு, பின்பக்கம் எம்பிராய்டரி பேப்பர் ஒட்டியபடியே இருக்கும் துண்டுகள், ஊசித்துளை வரிசையோடு நீளநீளமான கரை ஓரங்கள். இரண்டு விரல் அகலம்கூட இல்லாதவை ஏராளம். நாலு அங்குலக் கட்டம் வேண்டுமென்றால் சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு நாலரை அங்குலச் சதுரம் வெட்ட வேண்டும். அந்த மூட்டையில் நாலரை அங்குலம் தேறிய துண்டுகளைப் பொறுக்கி அடுக்கினால் ஒரு தலையணை உறைக்கு வரும்.

"திருப்பூர் எக்ஸ்போர்ட்" என்ற வார்த்தையிலேயே நாம் உஷாராக வேண்டும். திருப்பூரின் பேர் பின்னலாடைக்கு. அங்கே வெட்டில் விழுவது பெரும்பாலும் பனியன் துணி. அது சுத்தமான பருத்தியாகவே இருந்தாலும் இழுத்தால் நீளும், வெட்டினால் ஓரம் சுருளும். நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் ஒரு கட்டம் இழுபட்டு அடுத்த கட்டம் உப்பி நிற்கும். எடைக் கணக்கிலும் நமக்கு நஷ்டம். நெய்த துணியான பாப்ளின் சதுர மீட்டருக்கு 120 கிராம் அளவில் இருக்கும், டீ-ஷர்ட் துணி 180 கிராம் வரை போகும். அதே 5 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு பரப்பு காணாமல் போய்விடும். பேட்ச்வொர்க்குக்கு நெய்த துணி வேண்டுமென்றால் கரூர் பக்கம் பாருங்கள். படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு, திரைச்சீலை என்று ஏற்றுமதி செய்கிற ஊர், அங்கே வெட்டில் விழுவதும் அந்தத் துணிதான்.

பருத்தியா இல்லையா என்று பார்க்க இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குப் பக்கத்தில் நின்று கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணியாக நிற்கும். உருகுவது கையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை. இரண்டும் கலந்த துணியென்றால் கொஞ்சம் சாம்பல், நடுநடுவே மணி. என் மூட்டையில் பனியன் துணி போக மீதியில் பாதிக்கு மேல் மணிதான். கொளுத்திப் பார்க்காமல் விட்ட ஒரு துண்டு, காட்டன் சூட்டில் வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியின் அடியில் பிசினாக ஒட்டிக்கொண்டது.

சாயம் வேறு. மேலடுக்கில் இருந்த நல்ல துணியில் ஒரு சிவப்பை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தினேன், குங்குமத்தில் கை வைத்த மாதிரி இறங்கிவிட்டது. கல் உப்பில் ஊறவை, நின்றுவிடும் என்பார்கள். ஒழுங்காகச் சாயம் ஏற்றாத துணிக்கு உப்பு ஒன்றும் செய்யாது. குழந்தை வாயில் வைத்துச் சப்பும் போர்வைக்கு அதை எப்படிப் போடுவது?

மூட்டையோடு "ஃப்ரீ கிஃப்ட்" என்று குரோஷா நூல்கண்டு இரண்டு வந்திருந்தன. சீட்டில் காட்டன் என்று போட்டிருந்தது. நெருப்பில் காட்டினால் அதுவும் கறுப்பு மணி. இலவசம்தானே என்று விடவும் முடியாது. அக்ரிலிக் மாதிரி செயற்கை நூலில் சட்டிபிடிக்கிற கரித்துணி பின்னினால், சூடான பாத்திரத்தில் பட்டதும் இளகிவிடும், கை வெந்துவிடும். "மில்க் காட்டன்" என்று விற்கிற நூலிலும் பெரும்பாலும் அக்ரிலிக் கலப்பு உண்டு. பொம்மை பின்னுங்கள், அடுப்படிக்கு வேண்டாம்.

சரி, விற்றவரிடம் கேட்டதற்கு வருகிறேன். பணம் போகும்வரை "சொல்லுங்க சிஸ்", "கண்டிப்பா சிஸ்" என்று நிமிடத்துக்கு நிமிடம் பதில் வந்தது. படம் எடுத்து அனுப்பியதும் முதலில் "அன்பாக்சிங் வீடியோ இருக்கா?" என்று கேட்டார்கள். இருந்தது, அனுப்பினேன். உடனே "மிக்ஸ் பண்டில்னாலே எல்லாம் கலந்துதான் வரும்" என்றார்கள். விளம்பரத்தில் நூறு சதவீதம் காட்டன் என்று போட்ட படத்தைக் காட்டினேன். அப்போது வந்த பதில்தான் எனக்கு ஆறவே இல்லை: "வீட்ல சும்மா டைம் பாஸுக்குத் தைக்கிறதுதானே சிஸ், எதுக்கு இவ்வளவு டென்ஷன்?" அதன் பிறகு பிளாக்.

இந்த வியாபாரமே அந்த நினைப்பில்தான் நடக்கிறது. தையல் கடைக்காரரிடம் இந்த மூட்டையை விற்க முடியாது, அவர் தொட்டுப் பார்த்தே திருப்பி எறிவார். பொழுதுபோக்குக்குத் தைக்கிற பெண்கள் வீட்டில் சொன்னால் "உனக்கு இது தேவையா" என்பார்கள் என்று பயந்து, மூட்டையைப் பரணில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சட்டம் இதை டைம் பாஸ் என்று பார்ப்பதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். திருப்பித் தருவதற்குப் பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. ஆகவே "நோ ரிட்டர்ன்" என்று பக்கத்தில் எழுதி வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அது சமரசத்துக்கான வழிதான், அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. அதில் நடக்கவில்லை என்றால் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு எதையுமே அனுப்பாத ஆட்கள் என்றால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள், அது சைபர் குற்ற எண். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் பணம் அனுப்பும் முன்பே எடுத்து வையுங்கள். புகார் போனதும் என் விஷயத்தில் அந்த ரீல்ஸை அழித்துவிட்டார்கள்.

பணம் இன்னும் திரும்பவில்லை. போர்வைக்குத் துணியைக் கடைக்கு நேரில் போய் மீட்டர் கணக்கில் வாங்கிவிட்டேன். எங்கள் மதுரையில் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களிடம் கேட்டால் நல்ல வெட்டுத்துணி கிடைக்கும், கையில் தொட்டுப் பார்த்தே வாங்கலாம்.

அந்த இன்ஸ்டாகிராம் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. அடையாளம் சொல்கிறேன்: கமென்ட் பகுதி மூடியிருக்கும், கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, பண்டிலைப் பிரித்து அடித்துணியைக் காட்டும் வீடியோ ஒன்றுகூட இருக்காது. "நெய்த துணியா, பனியன் துணியா, எத்தனை அங்குலத்துக்குக் குறையாமல் வரும்?" என்று எழுத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் கேட்டார்கள். இருவருக்கும் வந்த பதில், "ட்ரஸ்ட் பண்ணி வாங்குங்க சிஸ்".