கிளிப்லெஸ்னா கிளிப் இல்லாததுன்னு சொல்லி ஷூ வித்துட்டாங்க, மலைப்பாதையில சைக்கிள் ஓட்டுறவங்க கொஞ்சம் படிங்க

மவுண்டன் பைக்குக்குப் புதுசா ஷூவும் ஃப்ளாட் பெடலும் வாங்கலாம்னு இருக்குறவங்க தயவுசெஞ்சு இதப் படிச்சிட்டு அப்புறம் கடைக்குப் போங்க. எனக்குப் போனது காசு மட்டும் இல்ல, முன்னங்கால் எலும்பு மேல தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கு.

சைக்கிளோட வந்த பிளாஸ்டிக் பெடலும் சாதாரண ஓடுற ஷூவும் வெச்சுத்தான் ரொம்ப நாள் ஓட்டினேன். கல்லு நிறைஞ்ச இறக்கத்துல ஒவ்வொரு குலுக்கலுக்கும் கால் பெடல விட்டு எழும்பிடும், அதனால சரி இந்தத் தடவை ரெண்டையும் ஒழுங்கா வாங்கிடுவோம்னு சைக்கிளுக்குன்னே இருக்குற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர்கிட்ட நான் முதல்லயே தெளிவா சொல்லிட்டேன், எனக்கு ஃப்ளாட் பெடல்தான் வேணும், கால லாக் பண்ற டைப் வேண்டாம், பயமா இருக்குன்னு. அவர் ஒரு ஷூவ எடுத்துத் திருப்பிக் காட்டி, "சார் சோல பாருங்க, டிராக்டர் டயர் மாதிரி கட்டை கட்டையா இருக்கு பாருங்க, இதவிட கிரிப் எங்கயும் கிடைக்காது"ன்னார். பெட்டி மேல கிளிப்லெஸ்னு போட்டிருந்துச்சு, அது என்னன்னு கேட்டேன். "கிளிப் இல்லாததுன்னு அர்த்தம் சார், நீங்க கேட்ட ஃப்ளாட்டுதான்"னு ஒரு செகண்ட்கூட யோசிக்காம சொன்னார்.

இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க, நானும் மாட்டினேன். அந்தக் காலத்துல பெடல் முன்னாடி கூண்டு மாதிரி ஒரு கிளிப்பும் பட்டையும் இருக்கும், கால அதுக்குள்ள நுழைச்சு ஓட்டுவாங்க. அந்தக் கூண்டு இல்லாம, ஷூவுக்கு அடியில கிளீட்னு ஒரு சின்ன உலோகத் துண்ட முறுக்கி அத பெடல்லயே லாக் பண்ற முறை வந்தப்ப அதுக்குத்தான் கிளிப்லெஸ்னு பேர் வந்துச்சு, ஷிமானோ 1990-ல கொண்டுவந்த எஸ்பிடி அந்த வகைதான். அதாவது பேர்ல லெஸ்னு இருந்தாலும் வேலை நேர் எதிர், கால் லாக் ஆகும். எனக்கு வித்தது அந்த எஸ்பிடி ஷூ. சோல் நடுவுல ஒரு சின்ன ரப்பர் மூடி, அதுல ரெண்டு ஸ்க்ரூ. நான் அத டிசைன்னு நெனச்சுட்டேன்.

பெடலும் அதே கதைதான். கையால ஒரு சுத்து விட்டு "பாருங்க எவ்ளோ நேரம் சுத்துது, ஃபுல்லா சீல்டு பேரிங்"னார். நல்ல பெடல் புதுசுல அப்படி விர்ருன்னு சுத்தாதுங்குறது எனக்கு அப்பத் தெரியாது, உள்ள கிரீஸும் ரப்பர் சீலும் ஒழுங்கா இருந்தா கொஞ்சம் இறுக்கமாத்தான் திரும்பும். அப்புறம் அங்கேயே ஒரு பையன் ஸ்பேனர் போட்டு மாட்டிக் கொடுத்தான், இடது பக்கம் மாட்டுறப்ப நெறைய தம் கட்டினான், அத நான் பார்த்துட்டும் ஒண்ணும் கேக்கல.

முதல் ரைட். ஏத்தத்துல ஒண்ணும் தெரியல. இறக்கத்துல ரெண்டாவது கல் படியில முன்சக்கரம் இறங்கினதும் வலது கால் அப்படியே முன்னாடி வழுக்கிடுச்சு, பெடல் சுத்திவந்து முன்னங்கால்ல அடிச்சுது. கீழ பார்த்தா பெடல் பின், அதாவது ஷூ சோலக் குத்திப் பிடிக்க பெடல் மேல நீட்டியிருக்குற சின்ன முள்ளு, குத்தி கால்ல வரிசையா மூணு ஓட்டை, அதுல ஒண்ணு கீழ வரைக்கும் கிழிச்சிட்டுப் போயிருக்கு, வீட்டுக்கு வந்து சாக்ஸ கழட்டினா அது ரத்தத்தோட ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வருது. தையலும் டிடி ஊசியும் போட்டுட்டு வந்தேன்.

கடைக்குப் போய்ச் சொன்னா, "உங்களுக்கு டெக்னிக் வரல சார், குதிகால கீழ அழுத்தி ஓட்டிப் பழகுங்க, ஷூவுல தப்பே இல்ல"ன்னுட்டார். குதிகால கீழ இறக்குறது உண்மையிலேயே முக்கியம்தான், அதனாலதான் நானும் நம்பிட்டு ரெண்டு வாரம் அதையே பழகினேன். கால் அப்பவும் வழுக்குச்சு. நீளமான பின் போடுங்கன்னார், அதுக்குத் தனியா காசு வாங்கினார். பழைய பின்ன கழட்டப் போனா அது மேல இருந்து முறுக்குற டைப், கல்லுல உரசி ஆலன் கீ போற குழியே மழுங்கிப் போயிருக்கு, பாதிய கழட்டவே முடியல. பின்பக்கமிருந்து முறுக்குற பின் இருக்குற பெடலா வாங்கினா இந்தப் பிரச்சனை வராது, தலை தேஞ்சாலும் அடியிலிருந்து கழட்டிடலாம்.

அதுக்கப்புறம் இடது பக்கம் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ டக்னு சத்தம். கடையில கேட்டதுக்கு பாட்டம் பிராக்கெட், அதாவது ஃபிரேமுக்கு அடியில பெடல் கை சுத்துற அச்சு, போயிடுச்சு மாத்தணும்னாங்க, நல்லவேளை நான் மாத்தல. அடுத்த வாரம் ஒரு ஏத்தத்துல நின்னு மிதிக்கிறப்ப இடது பெடல் கிராங்க்ல, அதாவது பெடல் மாட்டுற கையில, இருந்து அப்படியே பிடுங்கிட்டு வந்துருச்சு. ஏத்தம்ங்கறதால தப்பிச்சேன், அதே இறக்கமா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் கை நடுங்குது.

என்கூட ரைட் வர்ற அண்ணன் ஒருத்தர் கிராங்க் ஓட்டையில டார்ச் அடிச்சுக் காட்டினார், உள்ள திரெட் சரிஞ்சு அலுமினியம் தூளா வந்துருந்துச்சு. இடது பெடலுக்கு திரெட் தலைகீழ், இடப்பக்கமா சுத்தினாத்தான் இறுகும். அந்தப் பையன் கோணலா வெச்சு பலம் போட்டு முறுக்கியிருக்கான், பெடலோட அச்சு (ஆக்ஸில்) இரும்பு, கிராங்க் அலுமினியம், எது தோக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. பெரும்பாலான மவுண்டன் பைக்குல இது 9/16 இஞ்ச் திரெட், முதல் நாலஞ்சு சுத்து வெறும் விரலாலயே போகணும், போகலன்னா கழட்டிட்டு கொஞ்சம் கிரீஸ் தடவி முதல்ல இருந்து வைக்கணும். ஸ்பேனர் கடைசியில இறுக்குறதுக்கு மட்டும்தான்.

அப்புறம் அவர் என் ஷூவ வாங்கி இன்சோல உருவினார். அடியில ஒரு இரும்புத் தகடு, கிளீட் மாட்டுறதுக்குத் திரெட் போட்ட ஓட்டை. "தம்பி இது லாக் பண்ற ஷூடா, யாரு இத ஃப்ளாட்டுக்குக் குடுத்தது"ன்னார். விரலுக்குப் பின்னாடி பாதம் பருத்திருக்குற பகுதி, அதாவது பெடல் மேல உட்கார வேண்டிய அதே இடத்துல கெட்டியான மூடியும் பள்ளமும், சுத்தி கட்டை கட்டையா கெட்டி ரப்பர், பின் எதுல குத்தி நிக்கும்? அவரோட ஷூவ மாட்டிட்டு அதே பெடல்ல ஏறினேன். கால வெச்சதும் பசை போட்ட மாதிரி நின்னுச்சு, நகர்த்தணும்னா தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்துச்சு. அப்ப என் டெக்னிக்குக்கு என்ன குறை? ரெண்டு வாரமா என்மேலயே சந்தேகப்பட்டு ஓட்டினத நெனச்சா அடிபட்டதவிட அதுதான் எனக்குக் கோவம்.

ஃப்ளாட் பெடலுக்கு வேண்டியது சாஃப்டான, ஓரளவு தட்டையான சோல். ஃபைவ் டென் கம்பெனி 1985-ல பாறை ஏறுறவங்களுக்கு ஷூ செய்ய ஆரம்பிச்சது, பாறைய ஒட்டிப் பிடிக்கிற அந்த ரப்பர்தான் பின்னாடி சைக்கிள் ஷூவுக்கும் வந்துச்சு. கடையில கட்டை விரல் நகத்தால சோல அழுத்திப் பாருங்க, நகம் பதிஞ்சு மெதுவா மேல வரணும், கல்லு மாதிரி இருந்தா வெச்சுட்டு வந்துருங்க. இன்சோல உருவிப் பாக்காம காசு குடுக்காதீங்க, மூஞ்சியச் சுளிச்சாங்கன்னா சுளிக்கட்டும். சாயங்காலமா போய்ப் போட்டுப் பாருங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கி சரியான சைஸ் தெரியும். ஓடுற ஷூவும் வேண்டாம், அடியில ஸ்பான்ஞ்சு மாதிரி இருக்கும், பெடல் ஓரத்துல பாதம் மடங்கி உள்ளங்கால் வலிக்கும்.

அந்தப் பெடலயும் அண்ணன் பிரிச்சுப் பார்த்தார், ஒரு பேரிங்கூட இல்ல, ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் புஷ், அதாவது உள்ள குண்டு இல்லாத வெறும் வளையம்தான். புஷ் இருக்குறது தப்பில்ல, நல்ல பெடல்லயே ஒரு பக்கம் புஷ்ஷும் ஒரு பக்கம் பேரிங்கும் வரும். பேரிங்னு சொல்லிப் பொய்யா வித்ததுதான் தப்பு. பெடல வாங்குறப்ப ஆக்ஸில ஒரு கையில பிடிச்சு மறு கையால ஆட்டிப் பாருங்க, புதுசுலயே ஆட்டம் தெரிஞ்சா வேண்டாம்.

பணத்தத் திருப்பிக் கேட்டேன். ஓட்டின ஷூவ எடுக்க முடியாது, கிராங்க் போனது நீங்க முரட்டுத்தனமா ஓட்டினதாலன்னு முடிச்சுட்டாங்க. பில்லுல ஷூன்னு மட்டும்தான் எழுதியிருக்கு, அதனால என்னால ஒண்ணும் நிரூபிக்க முடியல. நீங்க வாங்குறப்ப ஃப்ளாட் பெடலுக்கான ஷூன்னு பில்லுல எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா அப்பவே புரிஞ்சுடும்.

கிராங்க் கைய என் காசுலதான் மாத்தினேன். நேத்து அந்தக் கடைப் பக்கம் போனப்ப பார்த்தேன், அதே ஷூவ அதே ஃப்ளாட் பெடலுக்குப் பக்கத்துல ஜோடியா அடுக்கி வெச்சிருக்காங்க. அதப் பார்த்துட்டுத்தான் இத எழுத உக்காந்தேன். ஏற்கனவே இந்த மாதிரி ஷூ வாங்கிட்டவங்க தூக்கிப் போட வேண்டாம், கிளீட் பெடலோட அது நல்லாவே வேலை செய்யும், ஆனா ஃப்ளாட் பெடல்ல அதப் போட்டுட்டு கல்லு இறக்கத்துல இறங்கிடாதீங்க.