கழிவு ஆயிலுக்கு நம்மிடம் 177 ரூபாய், அதை வாங்குகிறவரிடம் தனிக் காசு

கார் வைத்திருப்பவர்கள், அதிலும் கோவைப் பக்கம் இருப்பவர்கள், அடுத்த முறை சர்வீஸ் பில்லைக் கையில் வாங்கும்போது கடைசி நாலைந்து வரியை நிதானமாகப் படியுங்கள். ஸ்பேர், லேபர் எல்லாம் முடிந்த பிறகு, மொத்தத் தொகைக்குக் கொஞ்சம் மேலே, "வேஸ்ட் ஆயில் டிஸ்போசல் சார்ஜ்" என்று ஒரு வரி இருக்கலாம். என் பில்லில் அது 150 ரூபாய், வரியோடு சேர்த்து 177. எஞ்சினில் இருந்து இறக்கிய பழைய ஆயிலைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் அப்புறப்படுத்த ஆகும் செலவு என்று விளக்கம் சொன்னார்கள். நல்ல காரியம்தானே என்று பேசாமல் கட்டினேன். சாக்கடையில் ஊற்றாமல் முறையாக மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள் என்றால் 177 என்ன, 300 கேட்டாலும் கொடுக்கலாம்.

அனுப்பவில்லை. விற்றார்கள். நான் பார்த்தேன்.

வண்டியை எடுத்து வந்த பிறகு டிக்கியைத் திறந்தால் வீல் ஸ்பேனர் இல்லை. சாயங்காலம் திரும்பப் போனேன். முன்பக்கம் கூட்டமாக இருந்ததால் வாட்ச்மேன் பின்சந்து வழியாக உள்ளே போகச் சொன்னார். அங்கே ஒரு குட்டியானை நின்றுகொண்டிருந்தது. மேலே நீல பிளாஸ்டிக் பேரல்கள். சர்வீஸில் வேலை பார்க்கும் பையன் கறுப்பு ஆயிலை வாளியில் மொண்டு மொண்டு கொடுக்க, வண்டிக்காரர் புனல் வைத்துப் பேரலில் ஊற்றிக்கொண்டிருந்தார். வாளிக் கணக்கைச் சுவரில் கரிக்கோடு போட்டுக் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் வண்டிக்காரர் சட்டைப் பையில் இருந்து நோட்டை எடுத்து எண்ணிக் கொடுத்தார். ரசீது, கையெழுத்து எதுவும் கிடையாது.

இதோடு முடிந்திருந்தால் நானும் 177 ரூபாய் போச்சு என்று விட்டிருப்பேன். அப்புறம் நடந்ததுதான் விஷயம். ஒரு சாக்கு நிறையக் காலி ஆயில் டப்பாக்கள் வந்தன. எல்லாம் பேர் பெற்ற கம்பெனிகளின் டப்பாக்கள். வண்டிக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைத் திருகிப் பார்த்து, லேபிள் கிழிந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்து, இரண்டு குவியலாகப் பிரித்தார். நசுங்கியதும் மூடி இல்லாததும் ஒரு பக்கம். புத்தம் புதுசு மாதிரி இருப்பதெல்லாம் இன்னொரு பக்கம், துணியால் துடைத்து அடுக்கப்பட்டது. "எதுக்குப்பா பிரிக்கிறீங்க?" என்று அந்தப் பையனைக் கேட்டேன். அவன் வெள்ளந்தியாகச் சொன்னான்: "மூடியோட இருந்தா ரேட்டு ஜாஸ்திங்ணா."

உருக்கிப் பிளாஸ்டிக் ஆக்கப் போகிறவனுக்கு மூடி எதற்கு, லேபிள் எதற்கு?

உள்ளே போய் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அது ஸ்கிராப்புங்க சார், மேனேஜ்மெண்ட் பாத்துக்கும்" என்றார். அப்படியென்றால் என்னிடம் வாங்கிய 150 எதற்கு என்றேன். "அது சிஸ்டத்துலயே வருதுங்க சார், நாங்க எடுக்க முடியாது." வாங்கிப் போகிற ஆளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்கிறதா, இருந்தால் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார், காபி சொன்னார், "அடுத்த சர்வீஸ்ல அட்ஜஸ்ட் பண்ணித் தந்துடறோம் சார்" என்றார். காகிதத்தைப் பற்றி மட்டும் கடைசி வரை வாயே திறக்கவில்லை. வீல் ஸ்பேனர் கிடைத்தது. அதுவும் என்னுடையது இல்லை, வேறு ஏதோ வண்டியினுடையது.

போக்குவரத்துக் கழக டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அந்த டப்பா திரும்பக் கடைக்கு வரும் தம்பி. உள்ள இருக்கிறதும் உங்க பழைய ஆயிலாவே இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். எஞ்சின் ஆயில் தேய்ந்து தீர்ந்துபோகும் பொருள் இல்லை. அழுக்காகும், அவ்வளவுதான். இரும்புத் துகள், கரி, ஈரம், கொஞ்சம் பெட்ரோல் அல்லது டீசல் அதில் கலந்துவிடும். அழுக்கைப் பிடித்து வைக்கவும், அமிலத்தை முறிக்கவும், தேய்மானத்தைத் தடுக்கவும் சேர்த்திருக்கும் ரசாயனங்கள் செலவாகிவிடும். அடியில் இருக்கும் மூல எண்ணெய் அப்படியேதான் இருக்கிறது. முறையான ஆலையில் முதலில் தண்ணீரையும் கலந்துபோன எரிபொருளையும் பிரிப்பார்கள். பிறகு வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, சுத்தப்படுத்தி, மூல எண்ணெயை மீட்பார்கள். அதில் புது ரசாயனங்கள் சேர்த்தால் மறுபடி தரமான ஆயில். அழுக்கு வேட்டியை வெளுத்துக் கஞ்சி போட்டு மடிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கள்ள ஆயில்காரன் வெளுப்பதும் இல்லை, கஞ்சி போடுவதும் இல்லை. நீலத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிடுகிறான். பழைய ஆயிலில் கந்தக அமிலத்தை ஊற்றிக் கசடை இறக்கி, மண்ணில் வடிகட்டி, நிறம் சேர்த்து, நம் சர்வீஸ் சென்டரில் இருந்து போன அதே டப்பாவில் அடைத்து, மூடிக்குப் புது சீல் போட்டால் வேலை முடிந்தது. அடியில் மிஞ்சும் அமிலத் தார் எந்தக் காலி நிலத்தில் கொட்டப்படுகிறதோ, அந்தப் பக்கம் கிணறு வைத்திருப்பவர்கள் பாடு.

கள்ள எஞ்சின் ஆயில் குடோனில் போலீஸ் சோதனை என்று அவ்வப்போது செய்தி வரும், கவனித்திருப்பீர்கள். அங்கே பிடிபடுகிற காலி டப்பாக்கள் எங்கிருந்து வருகின்றன என்று நான் இதற்கு முன் யோசித்ததே இல்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: என் வண்டியில் ஊற்றியது கள்ள ஆயில் என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அந்தச் சங்கிலிக்குச் சரக்கு கொடுப்பது நாம் காசு கட்டும் இடமாகவே இருக்கலாம் என்பதுதான் என் புகார்.

எல்லாப் பழைய ஆயிலும் டப்பாவுக்குப் போவதில்லை. நிறையச் சென்ட்ரிங் பலகையில் தடவப் போகிறது. கரையானுக்கு என்று கதவு நிலையில் பூசுகிறார்கள். மாட்டுப் புண்ணுக்குப் போடுகிறவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். சூளையிலும் பாய்லரிலும் அப்படியே எரிக்கிறார்கள். பழைய எஞ்சின் ஆயிலில் ஈயம், காட்மியம், குரோமியம் மாதிரி உலோகங்கள் இருக்கலாம், புற்றுநோய் உண்டாக்கும் ஹைட்ரோகார்பன்கள் நிச்சயம் சேர்ந்திருக்கும். சுத்திகரிக்காமல் எரித்தால் அந்த உலோகமெல்லாம் புகையோடு காற்றில் வரும். கையில் உறை இல்லாமல் நாள் முழுக்க அதில் புழங்கும் பையன்களை நினைத்தால் எனக்கு அந்த 177 ரூபாய்க் கோபம்கூடக் குறைந்துவிடுகிறது.

தண்ணீர்க் கணக்கும் சின்னதில்லை. ஒரு தடவை ஆயில் மாற்றும்போது இறங்கும் பழைய எண்ணெய் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. நம் கணக்கில் சுமார் 38 லட்சம் லிட்டர். சின்னப் பெட்ரோல் காரில் இறங்குவது மூன்று, மூன்றரை லிட்டர்தான். கோவையில் மழைநீர்க் கால்வாயில் ஊற்றினால் குளங்களுக்கும் நொய்யலுக்கும் போய்ச் சேரும். நொய்யல் கெட்டதற்குச் சாயப்பட்டறைகளைத் திட்டுவதில் நாம் யாரும் குறை வைப்பதில்லை. திட்ட வேண்டியதுதான். நம் வண்டியில் இருந்து இறங்குவதும் அதே ஆற்றுக்குத்தான் போகிறது.

அதே முகமை சொல்லும் இன்னொரு கணக்கு எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. ஏறக்குறைய 2.4 லிட்டர் நல்ல மசகு எண்ணெய் எடுக்க 42 கேலன், அதாவது முழுசாக ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் வேண்டும். அதே அளவைப் பழைய ஆயிலில் இருந்து மீட்க ஒரு கேலன் போதும், நாலு லிட்டருக்கும் குறைவு. கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை வெளிநாட்டில் இருந்து வாங்கும் நாட்டில் இதைத்தான் சாக்கடையில் ஊற்றுகிறோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகள், 2016. பழைய எஞ்சின் ஆயில் அதில் அபாயகரக் கழிவாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. அதை உண்டாக்கும் நிறுவனம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், பொதுவாக 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது, அங்கீகாரம் உள்ளவருக்குத்தான் கொடுக்க வேண்டும். அனுப்பும்போது படிவம் 10 என்று ஒரு சீட்டு நிரப்ப வேண்டும். அதற்கு வண்ண வண்ணமாக ஏழு பிரதிகள். அனுப்புகிறவர் தன் கையில் வைத்திருக்க வேண்டியது மஞ்சள் பிரதி, எடுத்துப் போகிறவரின் கையெழுத்தோடு. ஆகவே சர்வீஸ் சென்டரில் யாராவது "முறைப்படிதான் சார் அனுப்புறோம்" என்று சொன்னால், "மஞ்சள் காப்பியைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். இணையம் வழியாக அனுப்புகிறோம் என்றால் அந்தப் பதிவைக் காட்டட்டும். உண்மையில் அனுப்புகிறவர் ஃபைலை எடுத்து நீட்டுவார். மற்றவர் காபி சொல்வார்.

2024 ஏப்ரல் 1 முதல் இன்னொன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆயில் தயாரித்து விற்கும் கம்பெனிகளே, விற்ற அளவில் ஒரு பங்குக்கு ஈடான பழைய ஆயில் மறுசுழற்சி ஆனதற்குப் பொறுப்பேற்க வேண்டும். வருடா வருடம் அந்தப் பங்கு உயரும். தயாரிப்பாளர், சேகரிப்பு முகவர், மறுசுழற்சி ஆலை எல்லோரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். முறையாகச் செய்ய வழியே இல்லை என்று எந்தச் சர்வீஸ் சென்டரும் இனிச் சொல்ல முடியாது.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். ஆயில் மாற்றும்போது காபி குடிக்கும் அறையில் உட்காருவதில்லை, வண்டிப் பக்கத்திலேயே நிற்கிறேன். டப்பாவின் சீலை என் முன்னால்தான் உடைக்க வேண்டும். காலி டப்பாவை அங்கே விட்டுவிட்டு வருவதில்லை. அடியில் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு ஓட்டை, லேபிளில் பிளேடால் நீளமாக ஒரு கீறல், மூடியைத் தனியாக என் பையில். இதைச் செய்யும்போது அங்கிருப்பவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும். பழைய ஃபில்டரை உடனே குப்பையில் எறிய விடாதீர்கள். அதற்குள்ளும் ஆயில் நிற்கும், கவிழ்த்து வைத்து நன்றாக வடிய விட வேண்டும். பில்லில் டிஸ்போசல் சார்ஜ் இருந்தால், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பில்லின் பின்னாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். என் நண்பர் ஒருவர் அப்படிக் கேட்டதும் அந்த வரியே பில்லில் இருந்து காணாமல் போனது. சிஸ்டத்தில் எடுக்க முடியாது என்று சொன்னார்களே, அதே சார்ஜ்தான்.

என் சர்வீஸ் சென்டர் பற்றி மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் பில் நகலோடும் போட்டோக்களோடும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் இதுவரை. 177 ரூபாயைத் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். தொகை சின்னதுதான். எத்தனை கார், எத்தனை பில் என்று பெருக்கினால் அவர்களுக்குச் சின்னதில்லை.

வீட்டிலேயே தாங்களே ஆயில் மாற்றிக்கொள்கிறவர்களுக்கு: இப்போது என் வண்டியை ஒரு சின்னப் பட்டறையில் விடுகிறேன். அவர்களிடம் அங்கீகாரம் உள்ள சேகரிப்பாளர் வந்து எடுத்துப் போகிறார், சீட்டுகளை நானே பார்த்தேன். வெளியாட்கள் கொண்டு வரும் பழைய ஆயிலையும் காசு கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பட்டறை இருக்கலாம், ஃபைலைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கொண்டு போகும்போது மூடி இறுக்கமான, முன்பு ஆயில் இருந்த டப்பாவிலேயே கொண்டு போங்கள். தண்ணீர் பாட்டிலில் வேண்டாம், யாராவது குழந்தை எடுத்துவிடும். கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல், தின்னர் எதையும் அதோடு கலக்காதீர்கள். கலந்தது தெரிந்தால் அவர்கள் வாங்க மாட்டார்கள், ஏனென்றால் அந்த ஒரு டப்பாவால் பேரலே கெட்டு ஆலையில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.